‘ஒரு வருடம் காத்திருங்கள்’ என்கிறார் பங்குத்தந்தை

கேள்வி: எனக்கு வயது 29. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இந்துக் குடும்பம், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். அப்பா இறந்துவிட்டார். அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். எங்கள் வார்டில் சாகும் நிலையில் இருந்த ஒரு பாட்டிக்கு, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க ஒரு குருவானவர் வந்தார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த நாளிலிருந்து, பணி நேரம் ஒத்துவரும்போதெல்லாம் விடுதிக்கு அருகில் உள்ள கத்தோலிக்கக் கோவிலில் திருப்பலி வழிபாட்டுக்குப் போகிறேன். இரண்டு வருடமாகிறது. வரும் உயிர்ப்புப் பெருவிழாவில் (ஈஸ்டர்) திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற வேண்டும் என்று கேட்டேன். குறைந்தது ஒரு வருடத் தயாரிப்பு வேண்டும் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உடன் வேலை செய்யும் தோழி, ‘எங்கள் சபைக்கு வா, அடுத்த ஞாயிறே தண்ணீரில் இறங்கலாம்’ என்கிறாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயரை மாற்ற வேண்டுமா? பொட்டை எடுக்க வேண்டுமா? ஊரில் குலதெய்வப் படையலுக்குப் போகக் கூடாதா? அரசு செவிலியர் தேர்வுக்கும் படித்துவருகிறேன். சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்? திருமுழுக்கில் துணையாக, ஞானத்தாயாக நிற்கவும் எனக்கு ஆள் இல்லை.
— வாசகி, திருச்சி

அன்புச் சகோதரி,

பெரியவர்களைத் திருமுழுக்குக்குத் தயாரிக்கும் மறைக்கல்விப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் பங்குத்தந்தை உங்களைத் தள்ளிவைக்கவில்லை, பொறுப்போடு நடத்துகிறார். கேட்ட மாதமே தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

திருமுழுக்கு வாழ்நாளில் ஒரே முறை. பெற்ற பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பிற்பாடு ஒருவர் கோவிலை விட்டே விலகிப் போனாலும் அது அழியாது என்பதே திருச்சபையின் போதனை. அப்படிப்பட்ட ஒன்றை அவசரமாகக் கொடுக்கத் திருச்சபை தயங்குகிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 865ஆம் எண் இதைப் பற்றித்தான் பேசுகிறது. கேட்பவர் தாமாக விரும்பிக் கேட்க வேண்டும், நம்பிக்கையின் உண்மைகளையும் அதோடு வரும் கடமைகளையும் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும், பாவங்களுக்காக மனம் வருந்த வேண்டும். இவற்றோடு, அந்த வாழ்க்கையைச் சிறிது காலம் வாழ்ந்தும் பார்த்திருக்க வேண்டும். முதலாவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவதை ஆறு மாதத்தில்கூடப் படித்துவிடலாம். வாழ்ந்து பார்ப்பதற்குத்தான் காலம் வேண்டும். விடுதியில் உங்களைப் பற்றிப் புறம் பேசியவளிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள், பதினாறு மணி நேர வேலைக்குப் பிறகு செபிக்க மனம் வராத இரவில் என்ன செய்கிறீர்கள், கையில் பணம் இருக்கும் மாதத்தில் யாரை நினைக்கிறீர்கள் என்பதெல்லாம் வகுப்பில் தெரியாது. இவை வெளிப்பட நாளாகும்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 3ஆம் நூற்றாண்டு உரோமைத் திருச்சபையோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு பழைய ஒழுங்குநூல், புதிதாக வருகிறவர்கள் மூன்று ஆண்டுகள் இறைவார்த்தையைக் கேட்க வேண்டும் என்கிறது. ஆர்வத்தோடு விடாமுயற்சியாக இருப்பவருக்குக் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் அதே நூல் சொல்கிறது. பிற்காலத்தில் குழந்தைத் திருமுழுக்கே வழக்கமாகிவிட, இந்த முறை மங்கிப்போனது. உலகெங்கும் இருந்து ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை மீட்டெடுக்கச் சொன்னது. அதன்படி 1972இல் வெளியான சடங்குமுறையைத்தான் இன்று உங்கள் பங்கிலும் பின்பற்றுகிறார்கள். அதில் பல படிகள் உண்டு. நீங்கள் இப்போது முதல் படியில் இருக்கிறீர்கள்: வருவதும் பார்ப்பதும் கேட்பதும் சந்தேகம் தீர்த்துக்கொள்வதும்.

அடுத்த படி முக்கியமானது. ஒரு ஞாயிறு, கோவில் வாசலில் மக்கள் முன்னிலையில் உங்களிடம், ‘இறைவனின் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். பதில் சொல்வீர்கள். உங்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து உள்ளே அழைத்துச் செல்வார்கள். அன்றிலிருந்து நீங்கள் புகுமுக நிலையினர், அதாவது திருமுழுக்குக்காகத் தயாராகிறவர். திருமுழுக்குப் பெறாவிட்டாலும் அன்று முதலே திருச்சபை உங்களைத் தன் வீட்டு ஆளாகக் கருதுகிறது. அந்த நிலையில் ஒருவர் இறந்தால் கிறிஸ்தவ அடக்கம் செய்ய அவருக்கு உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. திருமுழுக்கை விரும்பி, மனம் வருந்தி, அன்பில் வாழ்ந்த நிலையில் தயாரிப்புக் காலத்திலேயே இறந்துபோகிறவருக்கு அந்த விருப்பமே மீட்பை உறுதி செய்கிறது என்றும் திருச்சபை கற்பிக்கிறது. சாகும் ஆபத்தில் இருக்கும் பெரியவர், முக்கியமான உண்மைகளை ஓரளவு அறிந்து விருப்பம் தெரிவித்தால் உடனேயே அவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாம். அவசரத்தில் குருவானவர் இல்லையென்றால், சரியான நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம். செவிலியரான உங்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. ஆகவே ‘அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்’ என்ற பயத்தோடு தூங்கப் போக வேண்டாம். காத்திருக்கும் இந்தக் காலத்திலும் நீங்கள் கடவுளின் கைக்கு வெளியே இல்லை.

தோழி அன்பினால்தான் அழைக்கிறார். அவரோடு மனக்கசப்பு வேண்டாம். ஆனால் ‘இப்போதைக்கு அங்கே வாங்கிக்கொள்வோம், பிறகு கத்தோலிக்கக் கோவிலில் இன்னொரு முறை’ என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தச் சபையில் தண்ணீரும் மூவொரு கடவுளின் பெயரும் முறைப்படி இருந்தால் கத்தோலிக்கத் திருச்சபை அந்தத் திருமுழுக்கை ஏற்றுக்கொள்ளும், மறுபடியும் கொடுக்காது. நீங்கள் ஏங்கிக் காத்திருக்கும் அந்த உயிர்ப்புப் பெருவிழா இரவு உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

அந்த இரவைப் பற்றிச் சொல்கிறேன், அதற்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தையும் சேர்த்து. அடுத்த ஆண்டு தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று திருமுழுக்குக்கான பெயர்ப்பதிவு நடக்கும். பல மறைமாவட்டங்களில் ஆயரே இதை நடத்துவார். நீங்கள் தயாராக இருக்கிறீர்களா என்று உங்களிடம் மட்டும் அல்லாமல் உங்களுக்குத் துணையாக நிற்பவரிடமும் கேட்பார்கள். தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் உங்களுக்காகச் சிறப்பு மன்றாட்டுகள் உண்டு. அந்த ஞாயிறுகளுக்கு யோவான் நற்செய்தியிலிருந்து மூன்று பகுதிகள்: கிணற்றடியில் இயேசுவோடு வாதாடிய சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், கல்லறையிலிருந்து வெளியே வந்த இலாசர். இந்த மூன்றையும் இப்போதே, தவக்காலம் வருமுன், மெதுவாகப் படியுங்கள். நான்காம் அதிகாரத்துச் சமாரியப் பெண் ஒரே மூச்சில் நம்பிவிடவில்லை. முதலில் கேலியாகக் கேட்கிறாள், பிறகு பேச்சை மாற்றுகிறாள், தன் மக்களின் மலையைப் பற்றி வாதிடுகிறாள். இயேசு அவளை அவசரப்படுத்தவில்லை. உங்கள் பங்குத்தந்தை கேட்கும் ஒரு வருடத்தை நான் அந்தக் கிணற்றடி உரையாடலாகவே பார்க்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய சனிக்கிழமை பகலில் முடிந்தவரை நோன்பும் அமைதியும். இரவில் கோவிலுக்கு வெளியே தீ மூட்டி, பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரியை ஏற்றி, இருட்டான கோவிலுக்குள் அந்த ஒரே சுடரின் பின்னால் எல்லாரும் போவார்கள். படைப்பின் கதையிலிருந்து வாசகங்கள் தொடங்கும். செங்கடலைக் கடந்த வாசகத்தை எந்தக் கோவிலும் விடக் கூடாது. புனிதர்களின் பெயர் சொல்லி மன்றாடும்போது உங்கள் பெயரும் அந்தக் கூட்டத்தின் செபத்தில் இருக்கும். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா, தந்தையை நம்புகிறீர்களா, மகனை நம்புகிறீர்களா, தூய ஆவியை நம்புகிறீர்களா என்று கேட்பார்கள். தலையில் மூன்று முறை தண்ணீர் விழும். வெள்ளாடையும் எரியும் மெழுகுதிரியும் தருவார்கள். பெரியவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் குருவே அதே இரவில், நம்பிக்கையில் உறுதிப்படுத்த எண்ணெய் பூசும் உறுதிப்பூசுதலும் கொடுப்பார். அதே திருப்பலியில் முதல் முறையாக நற்கருணை அப்பம் வாங்குவீர்கள். அதற்கு முன் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். தேவையில்லை, அதுவரையான எல்லாப் பாவங்களையும் திருமுழுக்கே போக்கிவிடுகிறது. வழிபாடு நள்ளிரவைத் தாண்டலாம். மாற்று உடை ஒன்று கொண்டுபோங்கள். பணி அட்டவணை போடும் அக்காவிடம் அந்த வார விடுப்பை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த வருடத்தில் என்ன படிக்கலாம் என்று தேடி அலைய வேண்டாம். கடையில் விவிலியம் வாங்கும்போது ‘பொது மொழிபெயர்ப்பு’ கத்தோலிக்கப் பதிப்பா, 73 நூல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிற சபையினரின் பதிப்புகளில் 66 இருக்கும். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். சிறியது, இரண்டு மூன்று நாள் இரவுப் பணியின் இடைவேளைகளில் முடித்துவிடலாம். மந்திரங்கள் மனப்பாடம் ஆகவில்லை என்று தவிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணமும் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ செபமும் ஞாயிறுதோறும் சொல்லச் சொல்லத் தாமாகவே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பணி என்றால் சனிக்கிழமை மாலைத் திருப்பலி போதும். நோயாளிகளை விட்டு வர முடியாத நாளில் மனச்சாட்சி உறுத்தவே வேண்டாம்.

இப்போது அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த ஒரு வரிதான். ஒரு வருடம் என்பது உங்களுக்கு மட்டும் அல்ல, அம்மாவுக்கும் தேவைப்படும் காலம். கோவில் வாசலில் அந்த முதல் சடங்கு நடப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். திருமுழுக்கு முடிந்த பிறகு யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற தாயின் வலி எளிதில் ஆறாது. அவரைப் பொறுத்தவரை மகள் மதம் மாறினாள் என்பதைவிட, மகள் தன்னை மறைத்தாள் என்பதுதான் பெரிதாக நிற்கும்.

போனில் சொல்லாதீர்கள். ஊருக்குப் போய், இரண்டு நாள் தங்கி, அவரோடு அடுப்படியில் இருக்கும்போது சொல்லுங்கள். அந்தப் பாட்டியின் கட்டிலருகே நீங்கள் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள். அது உங்கள் கதை, அதில் வாதம் இல்லை. அம்மா கும்பிடும் தெய்வத்தைப் பற்றி ஒரு குறைச்சொல் வேண்டாம். மற்ற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதே சங்கம், யாரையும் நம்பிக்கைக்குள் கட்டாயப்படுத்துவதையும் ஆசை காட்டி இழுப்பதையும் கண்டிப்பாகத் தடை செய்தது. பணமோ வேலையோ கல்லூரி இடமோ தருவதாக யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதை அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். ஊரில் முதலில் கிளம்பும் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவர் அழலாம், திட்டலாம், சில வாரம் பேசாமல் இருக்கலாம். அந்த அழுகைக்குள் கேட்கப்படாத கேள்விகள் இருக்கும். நான் செத்தால் என் மகள் வருவாளா? அப்பாவின் நினைவு நாளுக்கு யார் இருப்பார்கள்? இவளுக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே பதில் சொல்லுங்கள். அப்பாவின் நினைவு நாளில் நீங்கள் வீட்டில் இருக்கலாம், அவர் படத்துக்கு மாலை போடலாம், சமைக்கலாம், அவருக்காகச் செபிக்கலாம். இறந்தவர்களுக்காகச் செபிப்பது கத்தோலிக்கருக்குப் புதிதில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று நம் ஊர்க் கல்லறைகள் பூவும் மெழுகுதிரியுமாக இருப்பதை அம்மாவே பார்த்திருப்பார். குலதெய்வப் படையலுக்கு ஊர் கூடும்போது நீங்களும் போகலாம். அம்மாவுக்குத் துணையாக நிற்கலாம், பாத்திரம் தூக்கலாம், உறவினரோடு இருக்கலாம். ஆனால் திருமுழுக்குக்குப் பிறகு படைப்பதிலும் வழிபடுவதிலும் பங்குகொள்ள முடியாது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுவதுதான் அவருக்கு நீங்கள் தரும் மரியாதை. படைத்த உணவை உண்பது பற்றித் தூய பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8 முதல் 10 வரையான அதிகாரங்களில் நிதானமாகப் பேசுகிறார். உணவு தன்னிலே நம்மைக் கடவுளிடம் கொண்டுபோவதும் இல்லை, விலக்குவதும் இல்லை. ஆனால் வழிபாட்டுப் பந்தியில் பங்காளியாவது வேறு, நம் செயல் அடுத்தவர் மனச்சாட்சியைப் புண்படுத்துமா என்பதும் வேறு. பங்குத்தந்தையோடு உட்கார்ந்து இந்த அதிகாரங்களைப் படித்து, உங்கள் வீட்டு நிலைக்கு ஏற்ப முடிவெடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சொன்னால் அடி விழும், வீட்டில் பூட்டிவைப்பார்கள், அவசரமாகக் கல்யாணம் முடித்துவிடுவார்கள் என்ற உண்மையான ஆபத்து இருந்தால், தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். முதலில் பங்குத்தந்தையிடமும் நம்பிக்கையான ஓர் உறவினரிடமும் பேசுங்கள்.

வரன் விஷயத்தில் தாமதிக்கவே கூடாது. திருமுழுக்குப் பெற்றபின், திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை உண்டு. ஆயரிடம் விதிவிலக்கு பெற்றால்தான் அந்தத் திருமணம் செல்லும். நாட்டுச் சட்டத்திலும் இது சிக்கல்: இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும், ஆகவே ஊரில் வழக்கம்போல் தாலி கட்டிவிட்டால் போதும் என்று இருக்க முடியாது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமோ, 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமோதான் வழி. பார்க்க வரும் மாப்பிள்ளைக்கும் உங்கள் முடிவு முதலிலேயே தெரிய வேண்டும். அது அவருடைய உரிமை. இதைப் படிக்கும் மணமானவர்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். உங்களுக்கோ துணைவருக்கோ முன்பு ஒரு திருமணம் நடந்திருந்தால், தயாரிப்பின் முதல் மாதத்திலேயே குருவிடம் சொல்லிவிடுங்கள். அதைத் தீர்க்கக் காலம் பிடிக்கும்.

சாதிச் சான்றிதழைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராக முடியும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். அதாவது பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலிருந்து, மிகப் பெரிய கூட்டம் போட்டியிடும் 26.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குப் போகிறீர்கள். சேரி மாறாது, ஊர் பார்க்கும் பார்வை மாறாது, சான்றிதழ் மட்டும் மாறும். இது அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த ஆணை கையெழுத்தான ஆகஸ்ட் 10ஆம் தேதியை இந்தியத் திருச்சபை கருப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. 2007இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. சட்டம் இன்னும் மாறவில்லை.

‘திருமுழுக்கை வாங்கிக்கொள், சான்றிதழில் இந்துவாகவே இரு, யாருக்குத் தெரியப் போகிறது’ என்று உங்களிடம் சொல்ல ஆட்கள் வருவார்கள், கோவிலுக்குள்ளிருந்தே வருவார்கள். கேட்காதீர்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோருவதை மறுத்துத் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள் அரசு வேலை பார்த்த பிறகும் ஒரு புகார் மனுவால் அந்த வேலை பறிபோகலாம். அதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் முன் எழுந்து நின்று விசுவாசத்தை அறிக்கையிட்டுவிட்டு, அலுவலகத்தில் அதை மறுத்துக் கையெழுத்திடும் வாழ்க்கையை உங்கள்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த மனச்சுமையோடு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை.

அப்படியானால் தேர்வு எழுதி வேலை கிடைத்த பிறகு திருமுழுக்குப் பெறலாமா? இதற்கு விடை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மனம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட பிறகு சலுகைக்காகத் தள்ளிப்போடுவது உங்களுக்கு உறுத்துமா? அம்மாவைக் காப்பாற்ற வேண்டிய மகளாக இந்த இழப்பைத் தாங்க முடியுமா? பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட்டால் வாய்ப்பு எப்படி இருக்கும்? சட்டம் அறிந்த ஒருவரிடம் உங்கள் சான்றிதழ்களைக் காட்டிக் கேளுங்கள். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று கேட்டவர் இயேசுதான். மற்றபடி, தமிழ்நாட்டில் மதம் மாற மாவட்ட ஆட்சியரிடம் முன்னறிவிப்புக் கொடுக்கத் தேவையில்லை. 2002இல் இங்கே கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இப்போது இல்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர் சொத்தில் உங்கள் பங்கும் மதம் மாறுவதால் போய்விடாது. ஆனால் அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாவதை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

பெயரும் பொட்டும் சின்ன விஷயங்கள். கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம் கேட்பது. அம்மா வைத்த தமிழ்ப் பெயரோடே திருமுழுக்குப் பெறலாம்; விரும்பினால் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழ்களில் மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் எதற்கு? பொட்டும் பூவும் நம் கத்தோலிக்கப் பெண்கள் பலர் வைத்துக்கொள்வதுதான். உங்கள் பங்கிலேயே பின்வரிசையில் இருந்து பாருங்கள்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குருவோ துறவியோ அல்லாத, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதரான தேவசகாயம், நீலகண்ட பிள்ளையாக நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர். மணமானவர், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் சொன்ன, துன்பத்திலும் கடவுளை விடாத விவிலிய மனிதர் யோபுவின் கதையில் மனம் பற்றி, வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் கற்று, 1745இல் திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது அவர்மேல் இருந்த கோபத்தைக் கூட்டியது. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் புனிதரானார். அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் கட்டிய கோவிலுக்குள், சாதிப்படி மக்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். இன்றும் சில ஊர்களில் கல்லறைகள் தனித்தனி. இந்தப் பாகுபாடு தனக்குள் இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் விடுதலைக்கான கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நீங்கள் நுழையும் வீடு குறையில்லாத வீடு என்று நினைத்து வந்து, முதல் அவமதிப்பில் உடைந்துபோகக் கூடாது. யாராவது உங்களிடம் ‘எந்தத் தெரு’ என்று தோண்டிக் கேட்டால், வெட்கப்பட வேண்டியவர் கேட்டவர். பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்; அவர் காது கொடுக்கவில்லையென்றால் ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள். திருமுழுக்கில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தான். அந்த உரிமையை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

ஞானத்தாய்க்கு ஆள் இல்லை என்கிறீர்கள். ஒருவர் போதும். 16 வயது நிரம்பிய, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று நம்பிக்கையில் வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பணக்காரரையோ பங்குப் பேரவைத் தலைவரையோ தேடாதீர்கள். இரண்டு வருடமாகத் திருப்பலியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் வராத ஞாயிறுக்கு அடுத்த வாரம் ‘என்னம்மா, போன வாரம் காணோமே’ என்று கேட்டவர் யாராவது உண்டா? அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், நீங்கள் தங்கியிருக்கும் தெரு எந்த அன்பியத்தைச் சேர்ந்தது என்று விசாரித்து, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வீட்டில் கூடி விவிலியம் வாசித்து, தேநீர் குடித்துக் கலையும் சின்னக் கூட்டம் அது. அங்கே ஓர் அம்மா நிச்சயம் கிடைப்பார். இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் விலகிப்போவதைப் பெரும்பாலும் திருமுழுக்குக்குப் பிறகான முதல் ஆண்டில்தான் பார்க்கிறேன். போதனை புரியாமல் போகிறவர்கள் குறைவு. கிறிஸ்துமஸ் அன்று ‘சாப்பிட வா’ என்று கூப்பிட யாரும் இல்லாமல் போகிறவர்கள் அதிகம்.

இந்த வாரமே பங்குத்தந்தையைப் பாருங்கள். ‘ஒரு வருடம் சரி, ஃபாதர்’ என்று சொல்லிவிட்டு மூன்று காரியங்களைக் கேளுங்கள்: வகுப்பு எந்த நாள், பணி முறைக்கு ஏற்ப மாற்றித் தருவாரா, அம்மாவிடம் பேசிய பிறகு ஒருநாள் அவரையும் அழைத்து வந்தால் நேரம் ஒதுக்குவாரா. அம்மா வருகிற அன்று அவரை வாதிட்டு வெல்ல வேண்டாம், அவருடைய பயங்களைக் கேட்டால் போதும் என்று குருவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.